மைதானம் எல்லோருக்கும்: பிள்ளைகளின் உதைபந்தாட்டப் பயிற்சியும் போட்டிகளும்

(றொசல்லயில் மீளத் திரும்பிய குடும்பங்களுடனான சந்திப்பில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வேலை காரணமாக வர முடியாமல் போனவர்களும் வாசிக்கும்படி இங்கே தரப்படுகிறது.)



இன்று காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

வீடு, கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், பிறப்புச் சான்றிதழ் பற்றியெல்லாம் இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. நான் பேச வந்தது மைதானத்தைப் பற்றி. "வீடே இன்னும் முழுசாக இல்லை, இதில் கிரவுண்ட் பற்றி என்ன பேச்சு" என்று ஒரு ஐயா வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஏன் மைதானம்?

இடம்பெயர்வு மலையக மக்களுக்குப் புதிதல்ல. 1964 ஒப்பந்தத்தால் கடல் கடந்து போன குடும்பங்கள் இருக்கின்றன. 1977, 1983 வன்செயல்களில் வன்னிக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது. ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் வீட்டை இழந்தார்கள், உடைமையை இழந்தார்கள். பிள்ளைகள் அதோடு சேர்த்து விளையாட்டையும் இழந்தார்கள். இடைத்தங்கல் முகாமில் பாயை விரிக்கத்தான் இடம் இருக்கும். ஓட இடம் இருக்காது.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இதற்குச் சட்டம் தேவையில்லை. மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காரும் பிள்ளை, மாலையில் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாடினால் இரவில் கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறது என்று இங்கிருக்கும் தாய்மாரே எங்களிடம் சொன்னார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. திரும்பி வந்த குடும்பமும், போகாமல் இருந்த குடும்பமும், வேறு இடத்திலிருந்து புதிதாக வந்து குடியேறிய குடும்பமும் கடையில் சந்திப்பார்கள், கோயிலில் சந்திப்பார்கள். பிள்ளைகள் சந்திப்பது மைதானத்தில். அங்கே நடப்பதுதான் பிறகு லயத்துக்குள் வரும். நல்லதும் வரும், சண்டையும் வரும்.

எங்கள் பிழை ஒன்று

இதை வெளியே சொல்லப் பழகவில்லை. ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு இடத்தில் நாங்கள் வேலை செய்தபோது, முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு மட்டும் பந்தும் ஜேர்சியும் கொடுத்தோம். பட்டியலில் அவர்கள் பெயர்தான் இருந்தது. கொடுத்தோம், படம் எடுத்தோம், வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது மைதானத்தின் ஒரு பக்கம் ஜேர்சி போட்ட பிள்ளைகள், மறுபக்கம் ஜேர்சி இல்லாத பிள்ளைகள். ஜேர்சிக்காரர்களுக்கு "முகாம் டீம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "எங்கள் கிரவுண்டில் நீங்கள் என்ன விளையாடுவது" என்று அவர்கள் கேட்டார்கள். "எங்கள் பந்தை ஏன் தொடுகிறாய்" என்று இவர்கள் கேட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் பேச்சு இது. இரண்டு கிழமைக்குள் பெரியவர்களும் பேசாமல் போனார்கள். நாங்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தோம். ஆனால் யாருக்கு, எப்போது, யார் பொறுப்பில் என்று ஊரைக் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த முறை பந்தைக் கொண்டுவருவதற்கு முன்பு பேச வந்திருக்கிறோம். பந்து வரும். அது மைதானத்துக்கு வரும், எந்தத் தனி வீட்டுக்கும் வராது.

முதலில்: இது யாருடைய நிலம்?

தோட்டத்து மைதானம் என்றால் அது பெரும்பாலும் அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலம். 1992க்குப் பிறகு பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. எனவே தோட்ட முகாமையாளரின் அனுமதி வேண்டும். பாடசாலை மைதானம் என்றால் அதிபரிடம் கேட்க வேண்டும். பிரதேச சபை மைதானம் என்றால் சபையில் விண்ணப்பித்து, கட்டணம் உண்டா என்று கேட்க வேண்டும்.

"துரை வாயால் சொன்னார்" என்பது போதாது. துரை மாறுவார். புதிதாக வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த நிலம், எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு, சேதம் வந்தால் யார் திருத்துவது, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். முகாமையாளரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துவையுங்கள். பிள்ளைகள் தொடர்ந்து விளையாடி ஒரு கழகமாக வந்தால், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகப் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதும், உதவி கேட்பதும் இலகு.

இரண்டாவது: இறங்குவதற்கு முன்பு நிலத்தைப் பாருங்கள்

அனர்த்த காலத்தில் மைதானங்களில் கூடாரம் அடித்திருப்பார்கள், லொறி நிறுத்தியிருப்பார்கள், தற்காலிக மலசலகூடக் குழி வெட்டியிருப்பார்கள். அப்படிப் பயன்பட்ட நிலத்தில் கூடார முளை, ஆணி, தகரத் துண்டு, கண்ணாடி கிடக்கும். சரியாக மூடாத குழி மழையில் உள்ளே இறங்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுகிறவர்கள்.

ஆகவே முதல் நாள் பந்து வேண்டாம். பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர், கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடங்கள். பிறகு குறுக்காக ஒருமுறை நடங்கள். கண்டதைச் சாக்கில் போடுங்கள். பழைய குழி இருந்த இடத்தில் மண் போட்டு இறுக்கி, கல் அடுக்கி அடையாளம் வையுங்கள். அந்தப் பக்கம் சில மாதங்கள் விளையாட வேண்டாம்.

அடுத்து சுற்றுப்புறம். மைதானத்துக்கு மேலே மண்மேடு இருக்கிறதா, அதில் புதிய வெடிப்பு இருக்கிறதா, சேற்று நீர் கசிகிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா? இதில் ஒன்று தெரிந்தாலும் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்து வரும்வரை இறங்க வேண்டாம்.

மரக்கிளைகளில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று மலையில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயரமாக அடித்த ஒரு பந்து கூட்டில் பட்டால் போதும். கூடு கண்டால் தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அகற்ற விடாதீர்கள்.

கோல் கம்பம் பற்றி ஒரு முக்கிய விசயம். கழற்றி மாற்றக்கூடிய இரும்புக் கம்பம் சரிந்து விழுந்து பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். அது அவர்கள் சுபாவம். கம்பத்தை நிலத்தில் ஆழமாக நட வேண்டும். இல்லையென்றால் பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். சிறுவர்களுக்கு இரும்புக் கம்பம் தேவையே இல்லை. இரண்டு மூங்கில் போதும்.

மூன்றாவது: முறை

லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வாளியை வரிசையில் வைத்துவிட்டால், ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அந்த வாளியின் முறை அதற்குத்தான். கைக்குழந்தைக்காரிக்கு ஒரு வாளி முன்னால் விடுவோம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். மைதானத்துக்கும் அதே முறைதான் வேண்டும். ஒரே வித்தியாசம், இதை எழுதி ஒட்ட வேண்டும்.

முறை இல்லாத மைதானத்தில் என்ன நடக்கும்? பெரிய பையன்கள் முதலில் வருவார்கள், முழுக் கிரவுண்டையும் பிடிப்பார்கள். சின்னவர்கள் ஓரத்தில் நின்று வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். பெண் பிள்ளைகள் வேலியோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்த பிள்ளைக்கு யாரையும் தெரியாது. அது வீட்டிலேயே இருந்துவிடும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. முறை இல்லாவிட்டால் தானாகவே இப்படித்தான் ஆகும்.

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். பாடசாலை ஒன்றரைக்கு விடும். சாப்பிட்டு வர மூன்று மணி. ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். மூடுபனி இறங்கினால் ஐந்தரைக்கே பந்து தெரியாது. ஆக ஒரு நாளைக்கு இரண்டு முறை வைக்கலாம். மூன்று மணியிலிருந்து நாலே கால் வரை ஒன்று, நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை மற்றொன்று. ஐந்து நாளைக்குப் பத்து முறை. சின்னவர்களுக்கு முதல் முறை, ஏனென்றால் அவர்கள் வெளிச்சத்தில் வீடு சேர வேண்டும்.

ஒரு மாதிரி அட்டவணை சொல்கிறேன். உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திங்கள்: முதல் முறை 10 வயதுக்குக் கீழ் ஆண், பெண் சேர்ந்து. இரண்டாம் முறை 16 வயதுக்குக் கீழ்.
செவ்வாய்: முதல் முறை 12 வயதுக்குக் கீழ், ஒரு பாதியில் ஆண் பிள்ளைகள், மறு பாதியில் பெண் பிள்ளைகள். இரண்டாம் முறை கிரிக்கெட்.
புதன்: முதல் முறை 10 வயதுக்குக் கீழ். இரண்டாம் முறை 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள்.
வியாழன்: முதல் முறை 12 வயதுக்குக் கீழ். இரண்டாம் முறை 16 வயதுக்குக் கீழ்.
வெள்ளி: முதல் முறை 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள். பிறகு கோயில் பூசை. மைதானத்துக்கும் ஓய்வு.
சனி: காலையில் சிரமதானம். பிற்பகல் வாலிபர்கள்.
ஞாயிறு: காலையில் அறநெறிப் பாடசாலை. ஒன்றரைக்குப் பிறகு போட்டிகள்.

இதில் இரண்டு விசயத்தைக் கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அவர்களுக்கென்றே எழுதிய நேரம் இருக்கிறது. "ஆண்கள் வராத நேரம் பார்த்து விளையாடுங்கள்" என்று சொன்னால் அந்த நேரம் வரவே வராது. அடுத்தது, ஒரு குழு தன் முறைக்கு பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் வேறு பிள்ளைகள் விளையாடலாம். ஆனால் அடுத்த கிழமை அந்த முறை பழையவர்களுக்கே.

இடத்தையும் பிரிக்கலாம். பெரியவர்களின் முழு மைதானம் 90 மீற்றருக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. மலை நாட்டில் அவ்வளவு தட்டையான இடம் கிடைப்பது அபூர்வம். கவலை வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை முழு மைதானத்தில் ஓடினால் பந்தைத் தொடுவதே நாலைந்து தடவைதான். ஏழு பேர் கொண்ட அணிகளுக்கு ஏறத்தாழ 60க்கு 40 மீற்றர் போதும். பெரிய மைதானத்தைக் குறுக்காகப் பிரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடக்கும், இருபத்தெட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். இடம் இன்னும் சிறியதென்றால் நாலுக்கு நாலு பேர் ஆடலாம். பந்தும் அளவாக இருக்கட்டும். 8 முதல் 12 வயது வரை 4ஆம் இலக்கப் பந்து, அதற்கு மேல் 5ஆம் இலக்கம்.

மைதானம் உதைபந்தாட்டத்துக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மாசி மாதம் காமன் கூத்துக்கு அதே இடத்தைத்தான் பொட்டலாக்குவோம் என்றால் அந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே அட்டவணையில் குறியுங்கள். தேர்த் திருவிழா, கல்யாணம், கருமாதி, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பயிற்சிக்கு வந்து நிற்கும்போது பந்தல் போட்டிருந்தால்தான் கோபம் வரும். மாடு கட்டுகிறவர்களோடும் பேசி ஒரு ஓரத்தை ஒதுக்குங்கள்.

நான்காவது: மழை

வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்தக் காலத்தில் இங்கே மைதானத்தைக் காப்பாற்றுவதே ஒரு வேலை.

ஈர நிலத்தில் ஓடினால் புல் வேரோடு பிடுங்கிப் போகும், மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. அடுத்த மழைக்கு அந்த இடம் குளமாகும். ஒரு நாள் விளையாட்டுக்காக இரண்டு மாதம் மைதானம் போய்விடும். ஒரு எளிய சோதனை இருக்கிறது. குதிகாலை நிலத்தில் அழுத்துங்கள். சுற்றித் தண்ணீர் ஊறி வந்தால் அன்று பயிற்சி இல்லை. இந்த முடிவை ஒருவர் எடுக்க வேண்டும். அன்றைய பொறுப்பாளர் இரண்டரை மணிக்குப் பார்த்துச் சொன்னால் அதுதான் முடிவு. விளையாட்டு இல்லாத நாளில் பிள்ளைகள் சனசமூக நிலையத்தில் கூடி விதிகளைப் படிக்கலாம், கரம் விளையாடலாம்.

மேட்டுப் பக்கத்தில் ஒரு கான் வெட்டி, மலையிலிருந்து வரும் தண்ணீரை மைதானத்துக்குள் விடாமல் திருப்புங்கள். கான் வெட்டுவதில் உங்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் லயத்தின் பின்சுவரில் போய் விழாமல் பார்த்து, ஏற்கெனவே ஓடும் கானோடு சேருங்கள். கோல் வாசல்தான் முதலில் தேயும். பயிற்சியின்போது கோலை மாற்றி மாற்றி வைத்தால் தேய்மானம் பரவும். அந்த வாசலைப் போட்டி நாளுக்கு மட்டும் வையுங்கள்.

இனி எச்சரிக்கை. இதைக் கேட்கும்போது சிலருக்கு நெஞ்சு படபடக்கும் என்று தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது மண்சரிவுக்கான பொது அளவு. உங்கள் பிரிவுக்கு எந்த நிலை எச்சரிக்கை வந்தாலும் அன்று மைதானம் மூடப்படும். பிள்ளைகள் பெற்றோரோடு இருக்க வேண்டும். பயிற்சியில் இருக்கும் பிள்ளையைத் தேடி ஒரு தாய் மழையில் ஓடும் நிலை வரவே கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மைதானத்தை ஒன்றுகூடும் இடமாக அதிகாரிகள் குறித்திருந்தால், அதன் வாசலை மறித்து வாகனம் நிறுத்தக் கூடாது, விறகு அடுக்கக் கூடாது.

ஏப்ரல் மாதமும், ஒக்டோபர், நவம்பரும் பிற்பகல் இடி மின்னல் காலம். இடிச் சத்தம் கேட்டதும் விளையாட்டை நிறுத்தி, கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடியிலும் கோல் கம்பத்தருகிலும் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மீண்டும் இறங்கலாம். இடிச் சத்தத்துக்குப் பயந்து அழும் பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாது. அந்தச் சத்தம் அவர்களுக்கு வேறொரு இரவை நினைவுபடுத்துகிறது.

ஐந்தாவது: அணியை எப்படிப் பிரிப்பது?

மேல் கணக்குக்கு ஒரு டீம், கீழ் கணக்குக்கு ஒரு டீம் என்று பிரிப்பது நம் வழக்கம். இருந்தவர்கள் எதிர் வந்தவர்கள் என்று பிரிப்பது அதைவிட மோசம். முதல் ஆறு மாதமாவது சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு அணியிலும் எல்லா லயத்துப் பிள்ளைகளும் இருக்கட்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் வந்தால் அவர்களும் அதே சீட்டில். அறிவித்தல் பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

12 வயதுக்குக் கீழ் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஆட்டத்தில் பாதி நேரமாவது விளையாட வேண்டும். வெல்வதற்காகச் சின்னப் பிள்ளையை முழுநேரமும் உட்கார வைக்கக் கூடாது.

கென்யாவின் நைரோபி நகரத்தில் மதாரே என்ற நெருக்கமான குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே 1987இல் ஒரு இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய லீக்கில் வெற்றிக்கு மட்டும் புள்ளி இல்லை. தங்கள் பகுதிக் குப்பையை அள்ளித் துப்புரவு செய்யும் அணிக்கும் புள்ளி உண்டு. இங்கேயும் அதைச் செய்யலாம். சனிக்கிழமை சிரமதானத்துக்கு வந்த அணிக்குப் புள்ளி, நடுவரை ஏசாத அணிக்குப் புள்ளி, நேரத்துக்கு வந்த அணிக்குப் புள்ளி. நன்றாக ஆடத் தெரியாத அணியும் மேலே வரும்.

போட்டி நாளில் பெரியவர்களுக்கும் ஒரு விதி. கோட்டுக்கு வெளியே நில்லுங்கள், கை தட்டுங்கள். நடுவரோடு சண்டை போட உள்ளே வர வேண்டாம். குடித்துவிட்டு வருகிறவரை அவருடைய உறவுக்காரரே மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவர் பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுத் தம்பியாகத்தான் இருப்பார். அவர் பிழை விடுவார். நாமும் விடுகிறோம்.

ஆறாவது: பிள்ளைகளின் பாதுகாப்பு

எந்தப் பயிற்சியிலும் வளர்ந்தவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் பயிற்சியில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பயிற்றுநரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. இது யாரையும் சந்தேகப்படுவதற்கு அல்ல. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லவர்களுக்கும் அது பாதுகாப்பு. பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துப் போடக் கூடாது. இது எங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தும். ஏதாவது தப்பு நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பந்து வீதிக்கோ ரயில் பாதைக்கோ போனால் பிள்ளைகள் பின்னால் ஓடக் கூடாது. பெரியவர் ஒருவர்தான் எடுக்க வேண்டும். பந்து போனால் போகட்டும். பக்கத்து மலையில் மருந்து அடிக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். அந்தத் தகவலை முதல் நாளே தருமாறு தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்று மறுபடி இறங்கக் கூடாது. வாந்தி, தலைச்சுற்று, மறதி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. முதலுதவிப் பெட்டி, கொதித்தாறிய தண்ணீர், அட்டைக்கு உப்பு, இந்த மூன்றும் எப்போதும் மைதானத்தில் இருக்கட்டும்.

ஏழாவது: குழுவும் கணக்கும்

ஒரு சின்னக் குழு போதும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர், திரும்பி வந்த குடும்பங்களிலிருந்து ஒருவர், கோயில் பரிபாலன சபையில் ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர், தோட்ட நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவர், விளையாடும் பிள்ளைகளில் ஒரு பையன், ஒரு பெண் பிள்ளை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கூட்டம் பெரட்டு நேரத்திலோ கொழுந்து நிறுக்கும் நேரத்திலோ வைக்காதீர்கள். வைத்தால் தாய்மார் வர மாட்டார்கள். அவர்கள் வராத கூட்டத்தில் ஆண்கள் மட்டும்தான் முடிவெடுப்பார்கள்.

பந்து, வலை, காற்றடிக்கும் பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரு பெட்டிக்குள் பொது இடத்தில் இருக்கட்டும். சாவி இரண்டு, இரண்டும் வெவ்வேறு பிரிவில். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். காசு சேர்த்தால் வரவு செலவை மாதம் ஒருமுறை பலகையில் ஒட்டுங்கள். சந்தா கொடுக்க முடியாத பிள்ளையை வெளியே நிறுத்தக் கூடாது. அந்தப் பிள்ளை கோடு போடட்டும், வலை கட்டட்டும். அதுவும் சந்தாதான்.

பிணக்கு வரும். வராமல் இருக்காது. அன்றே மைதானத்தில் தீர்க்கப் பார்க்காமல், மறுநாள் குழு கூடி இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். தண்டனை சின்னதிலிருந்து தொடங்கட்டும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை ஒரு முறை இழப்பு, மூன்றாம் தடவை ஒரு மாதம். ஒரு பையன் செய்த பிழைக்காக முழு லயத்தையும் தடை செய்யாதீர்கள்.

கடைசியாக

நான் முதலில் சொன்ன அந்த இடத்துக்குப் பிறகு மறுபடி போனோம். கொடுத்த ஜேர்சிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. பெற்றோரை அழைத்து, எங்கள் பிழை என்று சொன்னோம். அவர்கள்தான் வழி கண்டார்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி அணி பிரித்தார்கள். ஜேர்சியை அன்றன்று விளையாடும் அணி போட்டு, துவைத்து, அடுத்த அணிக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். பிடுங்கிய கோல் கம்பம் ஒரு காலையில் யாரும் சொல்லாமல் பழைய இடத்தில் நின்றது. யார் கொண்டுவந்து நட்டார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அந்த ஊர்ப் பெரியவர்களின் புத்தி.

இன்று போவதற்கு முன்பு மூன்று காரியத்தை முடித்துவிட்டுப் போவோம். குழுவுக்குப் பெயர் சொல்லுங்கள். முகாமையாளருக்கான கடிதத்தை இங்கேயே எழுதுவோம், நான் எழுதித் தருகிறேன், நீங்கள் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை காலையில் யார் யார் நிலத்தை நடந்து பார்க்க வருவீர்கள் என்று கை தூக்குங்கள். சாக்கும் கையுறையும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

வாசலில் கேள்வி கேட்ட ஐயா அங்கே பின்னால் இருக்கிறார். அவர் பேரனும் பக்கத்தில் இருக்கிறான். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவன் என்னைப் பார்க்கவே இல்லை, மூலையில் இருக்கும் பந்து மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். தம்பி, சனிக்கிழமை நிலத்தைப் பார்த்து முடித்ததும் அந்த மூட்டையை அவிழ்ப்போம்.